ஒயில் சாத்திரியாரும் ஓடாத காரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பேய்க்குப் பயப்படாதவர்கள் இருக்கிறார்கள். பொலிசுக்குப் பயப்படாதவர்கள் இருக்கிறார்கள். மனைவிக்குப் பயப்படாத ஒருவர் இருப்பதாகக்கூடக் கேள்விப்பட்டிருக்கிறேன், நேரில் கண்டதில்லை. ஆனால் சொந்தமாக ஒரு வாகனம் வைத்துக்கொண்டு ஒயில் சாத்திரியாருக்குப் பயப்படாத ஆளை நீங்கள் பருத்தித்துறையிலிருந்து கீரிமலைவரை வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. புத்தூரில் வேறு யாருக்கும் தெரிந்த மாதிரியும் இல்லை. முகத்துக்கு நேரே எல்லோரும் "அண்ணை" என்போம். அவர் திரும்பியதும் "சாத்திரியார்" என்போம். வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒரு ஒழுங்கையின் கடைசியில் தகரக் கொட்டகை ஒன்று. அதுதான் அவருடைய கராஜ். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் நாலைந்து பேர் பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர்கள் போல எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றால் அதுதான் இடம் என்று அறிந்துகொள்ளலாம்.

மனிதர்களுக்குச் சாதகம் பார்க்கிற மாதிரி அவர் எஞ்சின்களுக்கு ஒயில் பார்ப்பார். அதற்கு அவர் பாவிக்கிற தாள்தான் விசேஷம். மரண அறிவித்தல் நோட்டீஸ். ஊரில் யாராவது மோசம்போனால் மதிலிலும் மின்கம்பத்திலும் ஒட்டுவார்களே, அதே நோட்டீஸ். முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த பிறகு மிச்சம் கிடப்பவற்றை வீட்டுக்காரர் எறியாமல் அவரிடம் கொடுத்துவிடுவார்கள். "ஒரு பக்கம்தான் அச்சடிச்சுக் கிடக்கு. தாளும் நல்ல தாள். ஒயில் வடிவாப் பரவும்" என்பது அவர் விளக்கம்.

எஞ்சினில் ஒயில் மட்டம் பார்க்கிற கம்பியை இழுத்து, நுனியில் நிற்கும் துளியை நோட்டீசின் வெள்ளைப் பக்கத்தில் விழுத்துவார். பிறகு பத்து நிமிடம் யாரும் கதைக்கக்கூடாது. துளி மெல்லப் பரவும். நடுவில் கறுப்பு எவ்வளவு, சுற்றி மண்ணிறம் எவ்வளவு, ஓரத்து வளையம் எப்படி என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். இதற்கிடையில் தாளில் ஒயில் ஊற ஊற, மறுபக்கத்தில் இருக்கும் அமரரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் தெரியத் தொடங்கும். வாகனத்தின் சொந்தக்காரர் அப்போதே சாமி கும்பிடத் தொடங்கிவிடுவார்.

ஒருமுறை சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு வான்காரர் வந்திருந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள், கழுத்தில் தடித்த சங்கிலி. "போன மாசம்தான் அண்ணை ஒயில் மாத்தினது" என்றார். சாத்திரியார் பத்து நிமிடம் துளியைப் பார்த்தார்.

"போன மாசம் எண்டது எந்த வருசத்துப் போன மாசம்?"

அந்த வாட்டசாட்டமான மனிதர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

சரி, அடிக்கடி மாற்றிவிட்டால் தப்பலாமா என்றால் அதுவும் இல்லை. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக ஓடுகிற மோட்டார்சைக்கிளுக்கு மாதா மாதம் ஒயில் மாற்றிவந்த ஒரு கணித ஆசிரியர், பாராட்டுக் கிடைக்கும் என்று நம்பிப் போனார். கழற்றிய ஒயிலைச் சாத்திரியார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உது பால்குடி மாறாத ஒயில். உதை வெளியிலை எடுக்க உமக்கு எப்பிடி மனம் வந்தது?" என்று கேட்டு, அதைத் துணியில் வடித்துத் திரும்ப உள்ளே ஊற்றி அனுப்பிவிட்டார். பிந்தினாலும் ஏச்சு, முந்தினாலும் ஏச்சு. இப்படிப்பட்ட ஒருவரிடம் யார் துணிந்து போவார்கள்?

இனி அவரைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்லவேண்டும். நாங்கள் எல்லோரும் அவருக்குப் பயம். அவருக்கு வாகனத்தில் ஏறப் பயம்.

பகிடி இல்லை. நாற்பது வருடமாக எஞ்சின்களோடு கிடக்கிற மனிதர், எஞ்சின் பூட்டிய எதிலும் ஏறமாட்டார். எங்கே போனாலும் சைக்கிள்தான். மகளின் கலியாணத்துக்கு வீட்டார் எல்லோரும் வானில் போக, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இவர் பின்னால் மிதித்துக்கொண்டு போனார். தாலி கட்டுவதற்கு இரண்டு நிமிடம் முன்னர் வியர்க்க விறுவிறுக்க மணவறைக்கு வந்து சேர்ந்தார் என்று கேள்வி. ஒருநாள் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நின்றவரைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றினார்கள். ஒரு பக்கத்தால் ஏறி மறுபக்கத்தால் இறங்கி ஆசுபத்திரிக்கு நடந்தே போய்விட்டார்.

காரணம் கேட்டால் சொல்லுவார்: "உள்ளுக்கை ஒரு நிமிசத்துக்கு ஆயிரக்கணக்கிலை வெடிக்குது. அதுக்கு மேலை பலகையைப் போட்டு இருந்துகொண்டு நீங்கள் கச்சான்கடலை சாப்பிடுறியள். உங்களுக்குத் தெரியாது, அதாலை ஏறுறியள். எனக்குத் தெரியும்."

இனி என் கதைக்கு வருகிறேன். கேவலமான கதைதான், ஆனாலும் சொல்கிறேன்.

நானும் மனைவியும் மகளும் இருப்பது அக்காவின் வீட்டில். அக்காவும் அத்தானும் சுவிசில். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்களுடையது. வேறு வீடு வாசல் எங்களுக்குக் கிடையாது. அத்தான் நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பானவர். சொன்னதைச் சொன்னபடி செய்யாதவர்களை அவர் இரண்டாம் தரம் நம்பமாட்டார். இந்த வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்தித் தருவதாக ஒருவர் அவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். அக்கா ஒருநாள் போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டா. அன்றிலிருந்து அத்தானின் போன் மணி அடித்தால் எழுந்து நின்றுதான் எடுப்பேன்.

அத்தானுக்கு இளமையிலிருந்தே ஒரு ஆசை. சிவப்பு நிறத்தில், இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையை மடிக்கக்கூடிய பந்தயக் கார் ஒன்று. மூன்று வருடத்துக்கு முன்னர் கொழும்பில் யாரோ வைத்திருந்த பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி, புத்தூர்வரை தானே ஓட்டிவந்தார். மூன்று கிழமை கீரிமலைக்கும் பருத்தித்துறைக்குமாக ஓடித் திரிந்தார். போகும்போது என்னிடம் இரண்டு கட்டளை தந்தார்.

"தம்பி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒருக்கா ஸ்ராட் பண்ணி விடு. ஓடினாலும் ஓடாட்டியும் வருசத்துக்கு ஒருக்கா ஒயில் மாத்து. மறந்திடாதை."

அதற்குப் பிறகு அவருக்கு முழங்காலில் ஒப்பரேசன். இரண்டு வருடம் வரவில்லை.

முதல் கட்டளையை நான் கோயில் பூசை மாதிரி நிறைவேற்றினேன். கார் கொட்டிலில் மூன்று போர்வையின் கீழ் இருக்கும். முதலில் பருத்தித் துணி, அதற்கு மேல் மழைக்குப் போடுகிற படங்கு, எல்லாவற்றுக்கும் மேல் அக்காவின் பழைய கூறைச்சேலை. வெள்ளிக்கிழமை குளித்து, போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பொனற்றில் சந்தனம் வைத்து, மனைவி கற்பூரம் காட்ட, நான் உள்ளே ஏறி ஸ்ராட் பண்ணுவேன். மணிக்கூட்டைப் பார்த்துச் சரியாக ஐந்து நிமிடம். பிறகு நிறுத்திவிட்டு இறங்கித் திருநீறு பூசிக்கொள்வேன். கார் நின்ற இடத்தைவிட்டு ஒரு அங்குலம் அசைந்தது கிடையாது. ஏனென்றால் அதை ஓட்ட எனக்குப் பயம். இருக்கையில் இருந்தால் பின்புறம் றோட்டில் இழுபடுகிற மாதிரி இருக்கும். காலைக் கொஞ்சம் அழுத்தினால் கொட்டில் தகரம் அதிரும்.

இரண்டாவது கட்டளையில்தான் வழுக்கினேன். ஒயில் மாற்றவேண்டும் என்றால் ஒன்றில் அந்தக் காரை றோட்டில் எடுக்கவேண்டும், அல்லது சாத்திரியாரை வீட்டுக்குக் கூப்பிடவேண்டும். இரண்டுக்கும் எனக்குத் துணிவில்லை. கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் தேன் மாதிரி இருந்தது. ஓடாத காருக்கு ஏன் புது ஒயில் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அத்தான் வீடியோவில் வந்து "ஒயில் மாத்தினியோ?" என்று கேட்டபோது, "ஓம் அத்தான், மாத்தியாச்சு" என்று என் வாய் சொன்னது. அடுத்த வருடமும் அதே கேள்வி, அதே பதில். இரண்டாம் முறை பொய் சொல்லும்போது கொஞ்சம் பழகியிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலை அத்தான் போன் எடுத்தார்.

"தம்பி, ரிக்கற் போட்டாச்சு. வாற புதன்கிழமை அங்கை நிப்பம்."

நான் நேரே கொட்டிலுக்கு ஓடினேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக எஞ்சினின் ஒயில் மூடியைத் திருகிக் கழற்றினேன். மூடியின் உட்புறத்தில் பால்தேத்தண்ணீர் ஆடை மாதிரி ஒன்று தடிப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சளும் வெள்ளையுமாக, நுரைத்துப்போய்.

முன்வீட்டில் ஓட்டோ திருத்துகிற ஒருவர் இருக்கிறார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "அண்ணை, எஞ்சினுக்குள்ளை தண்ணி பூந்திட்டுது. தண்ணியை மறிக்கிற ஹெட் கஸ்கற் எரிஞ்சிருக்கும். முழுசாக் கழட்டோணும். சாமான் வெளிநாட்டிலை இருந்துதான் வரோணும்" என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "ரெண்டு மாசம் பிடிக்கும்" என்றார். எனக்கு இருந்தது நாலு நாள்.

மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இஞ்சேரப்பா, சாத்திரியாரிட்டைப் போங்கோ" என்றாள்.

"ஏசுவார்."

"அத்தான் ஏசினால் வீடு போகும். சாத்திரியார் ஏசினால் மானம்தானே போகும்?"

கணக்குச் சரியாக இருந்தது. ஒயில் மூடியை மகளின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, ஒயில் கம்பியைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் போனேன். ஒழுங்கை முடியும்வரை திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டேதான் போனேன்.

கொட்டகையில் நாலு பேர் காத்திருந்தார்கள். சாத்திரியார் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். மூடியிலிருந்த நுரையை வழித்து ஒரு பழைய கரண்டியில் போட்டு ஸ்ரவ் அடுப்பில் பிடித்தார். கடுகு தாளிக்கிற மாதிரிப் படபடவென்று வெடித்தது. நாலு பேரும் பெஞ்சில் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள்.

"தண்ணி" என்றார்.

பிறகு கம்பியிலிருந்த துளியை நோட்டீசில் விழுத்தினார். பத்து நிமிடம். எனக்குக் கிடைத்த அமரர் மீசை வைத்த ஒரு பெரியவர். ஒயிலுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு மேலே வந்தார்.

"றேடியேற்றரிலை தண்ணி குறைஞ்சதோ?"

"இல்லை அண்ணை."

"புகைக் குழாயாலை வெள்ளைப் புகை தள்ளுதோ?"

"இல்லை."

"கார் எவ்வளவு ஓடுது?"

"வெள்ளிக்கிழமையிலை ஐஞ்சு நிமிசம்."

"ஐஞ்சு நிமிசத்திலை எவ்வளவு தூரம் போவீர்?"

"போறேல்லை அண்ணை. நிண்ட இடத்திலைதான்."

சாத்திரியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"சோத்துப்பானையை அடுப்பிலை வைச்சு, கொதிக்க முதல் அடுப்பை நூத்துப்போட்டு மூடி வைச்சால் என்ன நடக்கும்? மூடி வேர்க்கும். அந்த வேர்வை திரும்பப் பானைக்கைதான் விழும். நல்லாக் கொதிச்சால்தான் ஆவி வெளியிலை போகும். நீர் ரெண்டு வருசமா வெள்ளிக்கு வெள்ளி கார் கொதிக்க முதல் அடுப்பை நூத்திருக்கிறீர். கஸ்கற்றும் எரியேல்லை, ஒண்டும் எரியேல்லை. நீர் வைச்ச பூசைதான் உது."

எனக்கு உயிர் பாதி திரும்பி வந்தது. மற்றப் பாதி வருவதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"ஒயில் கடைசியா எப்ப மாத்தினது?"

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். மீசைக்காரரும் பார்த்தார்.

"மாத்தேல்லை அண்ணை. ரெண்டு வருசமா. கம்பியிலை பாக்கத் தேன் மாதிரி இருந்தது."

"தேன் எண்டால் கொஞ்சம் நக்கிப் பாத்திருக்கலாமே."

பிறகு நான் அத்தானிடம் சொன்ன பொய்யையும், புதன்கிழமையையும், வீட்டு விஷயத்தையும் சொல்லவேண்டி வந்தது. அந்த நாலு பேருக்கு முன்னால்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நோட்டீசில் பென்சிலால் ஏதோ எழுதினார். எழுதியதைச் சுவரிலிருந்த கம்பியில் குத்தினார். அந்தக் கம்பியில் குத்தியதை அவர் ஒருநாளும் எடுத்து எறிந்தது கிடையாது.

"நாளைக்குக் காலமை வாறன். மாத்தித் தாறன். ஆனால் ஒண்டு. உம்மடை அத்தானிட்டை நான் போய்ச் சொல்லமாட்டன். அவர் வந்து கேட்டால் பொய்யும் சொல்லமாட்டன். விளங்குதோ?"

விளங்கியது. விளங்கியதால்தான் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சைக்கிளில் வந்தார். ஒரு பக்கக் கைபிடியில் நட்டுக் கழற்றும் சாவிகள் போட்ட பை, மறுபக்கம் தகர வாளி. பழைய ஒயிலைக் கீழே விட்டார், பில்டரை மாற்றினார், புது ஒயில் ஊற்றினார். முடிந்தது என்று நான் பெருமூச்சு விட்டேன். முடியவில்லை.

"உள்ளுக்கை மூலை முடுக்கெல்லாம் ஈரம் கிடக்கு. ஒரு மணித்தியாலம் நல்லாச் சூடாக ஓடோணும். ஓடிவந்த பிறகு இந்த ஒயிலையும் எறிஞ்சுபோட்டு வேறை விடோணும். பருத்தித்துறை போய்த் திரும்பினால் காணும். எடும் காரை."

"நானோ?"

"பேந்து நானோ?"

நான் போர்வையை மடிக்கத் தொடங்கினேன். மனைவிதான் சொன்னாள். "அண்ணை, இவர் தனியப் போகமாட்டார். இவருக்கு அந்தக் காரிலை சரியான பயம். நான் ஏறினால் இன்னும் பயப்படுவார்."

சாத்திரியார் காரைப் பார்த்தார். மதிலில் சாத்தியிருந்த தன் சைக்கிளைப் பார்த்தார். கையை ஒரு துணியில் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் துடைக்க எதுவும் மிச்சம் இல்லாத பிறகும் துடைத்தார்.

"சரி. நான் வாறன்."

இந்தச் செய்தி ஒழுங்கையில் எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியாது. நான் கொட்டில் கதவைத் திறக்கும்போது மதிலுக்கு மேலே ஏழெட்டுத் தலைகள் இருந்தன. சாத்திரியார் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசினார். தன் மகளின் போன் இலக்கத்தை மனைவியிடம் சொல்லி எழுதவைத்தார். பிறகு தலையைக் குனிந்து, முழங்கால் தாடையில் முட்ட, அந்தச் சிவப்புக் காருக்குள் இறங்கினார். பெல்ற்றைப் போட்டுவிட்டு, அது போதாதென்று தன் சால்வையை எடுத்துப் பெல்ற்றோடு சேர்த்து வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

ஒழுங்கையைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை எஞ்சின் நின்றது. ஒரு நாய் எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தது. பருத்தித்துறை றோட்டில் ஏறியதும் பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. சாத்திரியார் கண்ணை இறுக்கி மூடித் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கெதியாப் போகாதையும்."

"பதினைஞ்சிலை போறன் அண்ணை. எங்களைச் சைக்கிள்காரர் முந்துகினம்."

"பதினைஞ்சு காணாது. சூடாகாது. மிதியும்."

மிதித்தேன்.

"ஐயோ, மெல்ல."

இப்படியே போனோம். அந்த மனிதருக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். எஞ்சின் தெரிந்தவர் மிதிக்கச் சொன்னார், பயந்தவர் பிறேக் பிடிக்கச் சொன்னார். நான் இருவருக்கும் பணிந்தேன். கார் இழுப்பு வந்த மாதிரி முன்னும் பின்னும் துள்ளிக்கொண்டு அவரங்கால் சந்தியைத் தாண்டியது.

வல்லை வெளியில் வைத்துப் பெரிய பிழை ஒன்று விட்டேன். காற்று உள்ளே வரட்டும் என்று கண்ணாடி இறக்குகிற பொத்தானை அழுத்தினேன். கண்ணாடி இறங்கவில்லை. தலைக்கு மேலே கடகடவென்று ஒரு சத்தம். கூரை தானாக எழுந்து பின்னால் போய் மடங்கியது. சாத்திரியார் கண்ணைத் திறந்து பார்த்தார். மேலே வானம் மட்டும் இருந்தது.

"என்ன செய்தனீர்?"

"தெரியேல்லை அண்ணை."

"மூடும்."

"எப்பிடி மூடுறது எண்டும் தெரியேல்லை."

இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் றோட்டு, வல்லைக் காற்று எங்கள் இருவரையும் காரிலிருந்து பிடுங்கி எடுத்துவிடும் போல அடித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு லொறி எங்களை உரசுகிற மாதிரி முந்திப் போனது. சாத்திரியார் கண்ணைத் திரும்ப இறுக்கி மூடி, கியரில் இருந்த என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். அவருடைய கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. அதுவரை நான் என் பயத்தை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் மகளின் கலியாணத்துக்கே ஏறாதவர் என்பது அப்போதுதான் எனக்குச் சரியாக உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"அண்ணை, நிப்பாட்டவோ? நீங்கள் இறங்குங்கோ. நான் எப்பிடியும் போயிட்டு வாறன்."

"நிப்பாட்டாதையும். சூட்டு ஊசி இப்பதான் நடுவுக்கு வருது. நிப்பாட்டினால் பழையபடி வேர்க்கும்" என்றார். கண்ணைத் திறக்கவில்லை. எஞ்சின் சூட்டை அவர் எப்படி அறிந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் ஊசி நடுவில்தான் நின்றது.

நெல்லியடி, மந்திகை என்று எப்படிக் கடந்தேனோ தெரியாது. பருத்தித்துறையில் கடல் தெரிந்ததும் அவர் இறங்கி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே றோட்டோரம் நின்று புத்தூர்ப் பக்கம் நீளப் பார்த்தார். நடந்தே போகலாமா என்று யோசிக்கிறார் என்று விளங்கியது. நான் இரண்டு தட்டை வடையும் பிளேன்ரீயும் வாங்கிக் கொடுத்தேன். வடை அவர் கையில் ஆடியது. சாப்பிட்டு முடித்து, சால்வையை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, திரும்பவும் உள்ளே இறங்கிக் கண்ணை மூடினார்.

திரும்பும்போது நெல்லியடியில் ஒரு கண் திறந்தது. அவரங்காலில் மற்றதும் திறந்தது. வீட்டுக்கு வந்து அந்த ஒயிலையும் கீழே விட்டு, இன்னொரு முறை புதிதாக ஊற்றினார். கூரையை மூடும் பொத்தானை மகள் கண்டுபிடித்தாள். சாத்திரியார் சைக்கிளை எடுத்து, ஏறாமல், ஒழுங்கை முடியும்வரை உருட்டிக்கொண்டே போனார். கால் தரையில் படவேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பார்.

புதன்கிழமை அத்தானும் அக்காவும் வந்து இறங்கினார்கள். அத்தான் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நேரே கொட்டிலுக்குப் போனார். மூன்று போர்வையையும் எடுத்தார். பொனற்றைத் தூக்கி, ஒயில் மூடியைத் திருகி, உட்புறத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. என் தோளில் தட்டினார்.

"நீ சொன்னால் சொன்னபடிதான் தம்பி. உன்னை நம்பித்தான் நான் அங்கை நிம்மதியா இருக்கிறன்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு நின்றால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் தெரிந்தது. ஆனால் பருத்தித்துறையில் வடை ஆடிய அந்தக் கை நினைவுக்கு வந்தது. அந்த மனிதர் அவ்வளவு பயத்தோடு காரில் ஏறியிருக்கிறார், எனக்கு ஒரு வசனம் சொல்ல என்ன பயம் என்று நினைத்தேன். பயம் இருந்தது. இருந்தபடியே சொன்னேன்.

"அத்தான், நான் பொய் சொன்னனான். ரெண்டு வருசமா மாத்தேல்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் மாத்தினது."

காரின் திறப்பும் வீட்டின் திறப்பும் ஒரே வளையத்தில் இருந்தன. அதை அவர் கையில் வைத்தேன். அக்கா வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தா. மனைவி உள்ளே போய்விட்டாள்.

"ஏன் பொய் சொன்னனீ?"

"பயம் அத்தான்."

"எனக்கோ?"

"உங்களுக்கும். காருக்கும். சாத்திரியாருக்கும்."

அத்தான் திறப்பு வளையத்தைக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். "ஏறு. அவரிட்டைப் போவம்" என்றார்.

சாத்திரியார் ஒரு மோட்டார்சைக்கிளுக்குக் கீழே குனிந்திருந்தார். அத்தான் தான் யார் என்று சொன்னார். சாத்திரியார் எழுந்து கம்பியிலிருந்து மீசைக்காரர் நோட்டீசை உருவி நீட்டினார். பென்சில் எழுத்தில் எல்லாம் இருந்தது: இரண்டு வருடம் ஒயில் மாற்றவில்லை, வெள்ளிதோறும் ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டது, அதனால் ஈரம். அத்தான் வாசித்து முடித்து நிமிர்ந்தார். அவர் முகம் இறுகியிருந்தது. என் வீடு போனது போனதுதான் என்று நினைத்தேன்.

"வெள்ளிக்கிழமையிலை ஸ்ராட் பண்ணி விடச் சொன்னது ஆர்?" என்று சாத்திரியார் கேட்டார்.

அத்தான் கொஞ்சம் தயங்கினார். "நான்தான்."

"நீரோ? அப்ப இப்பிடி வந்து இரும்."

என் அத்தான், சொன்னதைச் சொன்னபடி செய்யாதவர்களை நம்பாத என் அத்தான், அந்தப் பெஞ்சில் எச்சில் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க நான் மீசைக்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒயிலுக்கு ரெண்டு கணக்கு. ஒண்டு ஓடின தூரம், மற்றது போன காலம். எது முந்துதோ அதுக்கு மாத்தோணும். ஓடுற காருக்குத் தூரம் முந்தும். உம்மடை காருக்குக் காலம்தான் முந்தும். வருசத்துக்கு ஒருக்கா, அதுவும் நீர் பிளேன் ஏறின அடுத்த நாள். அழுக்கு ஒயிலோடை காரை நித்திரையாக்கக் கூடாது. இனி வெள்ளிக்கிழமைப் பூசை வேண்டாம். ஒண்டில் தொடாமல் விடும், இல்லாட்டி மாசம் ஒருக்காப் பருத்தித்துறைவரைக்கும் ஓடச் சொல்லும். அவர் செய்யாதது அரைவாசிப் பிழை. நீர் செய்யச் சொன்னது மற்ற அரைவாசி."

அத்தான் "ஓம் அண்ணை" என்றார். அவர் யாருக்காவது "ஓம்" சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அந்த நோட்டீசைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து திறப்பு வளையத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். வீட்டுத் திறப்பும் அதில்தான் இருந்தது.

"பொய் சொல்லாமல் இரு. அது காணும். இனி மாசம் ஒருக்கா நீயே ஓட்டு."

வாங்கும்போதே வல்லை வெளி நினைவுக்கு வந்தது. "தனியவோ அத்தான்?" என்று கேட்டுவிட்டேன்.

"பேந்து ஆரோடை?" என்றார் அத்தான்.

சாத்திரியார் மறுபடியும் மோட்டார்சைக்கிளுக்குக் கீழே குனிந்திருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. ஒரு துணியை எடுத்து, துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

ஒரு வருடம் ஆகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருகிறார், சால்வையைக் கட்டிக்கொள்கிறார், கண்ணை மூடிக்கொள்கிறார். அவருக்குப் பயம் ஒரு துளி குறையவில்லை, எனக்கும் குறையவில்லை. ஆனால் அவர் பக்கத்தில் இருந்து பயப்படும்போது எனக்கு என் பயத்தோடு ஓட்டுவதும் பிடித்திருக்கிறது.